தோளில் தொங்கும் ஆபீஸ்! ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிக்க முடியுமா?

மேலதிகாரி இல்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை. காலையில் லோக்கல் ரயிலைப் பிடிக்க மூச்சிரைக்க ஓட வேண்டியதில்லை. இந்த மாதம் கோவா கடற்கரை, அடுத்த மாதம் இமயமலை அடிவாரம்! தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு மடிக் கம்ப்யூட்டர், சட்டைப் பையில் ஒரு செல்போன். வேலையும் நடக்கிறது, பணமும் பாங்கிக் கணக்குக்கு வந்து சேருகிறது.

இப்படிப் பிழைக்கலாம் என்று சொல்லிக்கொண்டு, இருக்கிற உத்தியோகத்தை விடத் துடிக்கும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். மும்பை செம்பூரிலும் தாராவியிலும், பெங்களூர் சிவாஜி நகரிலும், டெல்லி கரோல்பாக்கிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதற்கு விலக்கல்ல.

"மாசம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பணுமே, அதுக்கு என்னடா வழி?" என்று தகப்பனார் கேட்கிறார்.

"எல்லாம் வரும்பா" என்கிறான் பையன்.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. பையன் சொல்வது பொய்யல்ல; அப்படிச் சம்பாதிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். தகப்பனார் கேட்பதும் வீண் பயமல்ல. அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள்தான் ஆறு மாதத்தில் கையைச் சுட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

விரல் நுனியில் இருந்த முதல்

யோசித்துப் பார்த்தால், இது தமிழர்களுக்கு முற்றிலும் புதிய சங்கதி அல்ல. டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹாண்ட் லோயர் என்று இரண்டு சர்டிபிகேட்டுகளைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு தாதரில் வந்து இறங்கிய தலைமுறை ஒன்று உண்டு. நிலம் இல்லை, கையில் ரொக்கம் இல்லை. விரல் நுனியில் இருந்த வேகம்தான் அவர்களுக்கு முதல். அதை நம்பிப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் டெல்லியிலும் காலூன்றினார்கள். மாட்டுங்காவில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்து, மெஸ் சாப்பாடு சாப்பிட்டு, தங்கையின் கல்யாணத்துக்குப் பணம் சேர்த்து அனுப்பினார்கள்.

அன்று தொழில் தெரிந்தவன் வேலை இருக்கிற ஊருக்குப் போனான். இன்று சில தொழில்களில், அவன் இருக்கிற ஊருக்கு வேலை வருகிறது. ஆனால் அந்த நாளில் போன ஊரில் ஒரு கம்பெனி இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, பி.எப். பிடித்தம் இருந்தது. இந்தப் பிழைப்பில் அவை மூன்றும் இல்லை.

சைக்கிளில் ஏறிய எழுத்தாளர்

இந்தப் பிழைப்பு நேற்று முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைச் செய்து காட்டிவிட்டார். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்த ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்பவர் அவர். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியும், கம்ப்யூட்டர் சம்பந்தமாக ஆலோசனை சொல்லியும் பிழைத்தவர். வீட்டுக்காகவும் கடனுக்காகவுமே உழைப்பது அவருக்கு அலுத்துப்போனது. 1983ல் வீட்டை விற்றார். தட்டுமுட்டுச் சாமான்களை ஒழித்தார். சாய்ந்து உட்கார்ந்தபடி மிதிக்கும் தனி மாதிரி சைக்கிள் ஒன்றைச் செய்வித்துக்கொண்டு சாலையில் இறங்கிவிட்டார்.

சைக்கிளில் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடு. பைக்குள் 'ரேடியோ ஷேக்' கம்பெனியின் மாடல் 100 என்ற சிறு கம்ப்யூட்டர். அந்த ஆண்டுதான் அது விற்பனைக்கு வந்திருந்தது. எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. திரையில் எட்டு வரிகள்தான் தெரியும்; வரிக்கு 40 எழுத்து. டார்ச் லைட்டுக்குப் போடுகிற மாதிரி நான்கு சின்ன பாட்டரி போட்டால் சுமார் 20 மணி நேரம் ஓடும். நிருபர்களுக்கு மிகவும் பிடித்துப்போன கருவி அது.

கட்டுரையை எப்படி அனுப்புவது? வழியில் இருக்கும் பொது டெலிபோன்தான். டெலிபோன் வழியாக வினாடிக்குச் சுமார் 30 எழுத்து போகும். 9,000 எழுத்துள்ள ஒரு கட்டுரை போய்ச் சேர ஐந்து நிமிஷம். இன்று செல்போனில் ஒரு புகைப்படம் கண் இமைக்கும் நேரத்தில் போவதைப் பார்ப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தை நம்பி ராபர்ட்ஸ் முதல் தடவையிலேயே சுமார் 10,000 மைல் சுற்றினார். வழியெல்லாம் எழுதியே சாப்பிட்டார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ராபர்ட்ஸ் ஊரை விட்டுக் கிளம்பினாரே தவிர, ஆபீஸை மூடவில்லை. கொலம்பஸில் அவருக்காக ஒருவர் இருந்து தபால்களையும் பத்திரிகைக் காரியங்களையும் கவனித்துக்கொண்டார். அதோடு, சாலையில் இறங்குவதற்கு முன்பே அவர் எழுத்துக்கு விலை கொடுக்கும் பத்திரிகைகள் இருந்தன. சைக்கிளில் ஏறிய பிறகு வாடிக்கைக்காரரைத் தேடியவர் அல்ல அவர்.

இப்படிப் பிழைப்பவர்களுக்கு இப்போது 'டிஜிட்டல் நாடோடி' என்று பெயர். ஜப்பானியப் பொறியாளர் மாகிமோட்டோவும் டேவிட் மானர்ஸ் என்பவரும் 1997ல் எழுதிய புத்தகத்துக்கு அதுதான் தலைப்பு. நாடோடி என்ற சொல்லை நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த அர்த்தத்தில் சொல்வார்கள் என்பது தெரிந்ததே!

நம் நாட்டில் வழி திறந்தது

இந்தியாவில் 2016ம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. ஏப்ரலில் யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் வந்தது. செப்டம்பரில் ஜியோ வந்து, இன்டர்நெட் கட்டணம் அடியோடு விழுந்தது. 2020ல் கொரோனா வந்தபோது ஆபீஸ்களே வீட்டுக்குள் புகுந்தன. வீட்டிலிருந்து செய்யும் வேலையை மலையிலிருந்து செய்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது. கோவா, இமாசலப் பிரதேசத்தில் பழைய மணாலி, தர்மசாலா பக்கம், கேரளத்தில் வர்க்கலா என்று கம்ப்யூட்டரும் கையுமாக இளைஞர்கள் போய்த் தங்க ஆரம்பித்தார்கள். காங்ரா மாவட்டத்தில் பீர் என்று ஓர் ஊர். பெயரைக் கேட்டு வேறு எதையும் எண்ண வேண்டாம்! பாராசூட் மாதிரியான துணியைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து பறக்கும் விளையாட்டுக்குப் பேர்போன இடம். அங்கும் இவர்கள் கூட்டம் உண்டு.

சிக்கிமில் பாக்யோங் மாவட்டத்தில் யாக்டென் என்ற சிறு கிராமத்தை, நாட்டின் முதல் 'டிஜிட்டல் நாடோடிக் கிராமம்' என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். வீடுகளில் தங்க இடம், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரட்டை இன்டர்நெட் இணைப்பு, மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர். இதில் கிராமத்தாரின் கணக்கும் உண்டு. சுற்றுலாக்காரர்கள் சீசனில் சில மாதம்தான் வருவார்கள். மீதி மாதங்களில் அறைகள் காலி. கம்ப்யூட்டரோடு வருகிறவன் மழைக்காலத்திலும் வாடகை கொடுப்பான் அல்லவா?

என்ன வேலை செய்கிறார்கள்?

கடற்கரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டும் படத்தைப் பார்த்தால் ஏதோ பெரிய மந்திரம் போல் இருக்கும். அருகில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நம் குமாஸ்தாக்களுக்குத் தெரிந்த வேலைதான். டாலியில் கணக்கு எழுதுவது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தயார் செய்வது, கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவது, கடைகளுக்கு விளம்பரப் படம் வரைவது, இணையதளம் அமைப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது. தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு, சினிமாவுக்கும் தொடர்களுக்கும் கீழே ஓடும் வசனம் எழுதுவது, விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது என்ற வேலைகளும் உண்டு.

சுற்றுவதையே படம் எடுத்துப் போட்டுச் சம்பாதிப்பது வேறு கணக்கு. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க ஒரு சானலுக்கு 1,000 சந்தாதாரர்கள் சேர வேண்டும். ஓர் ஆண்டுக்குள் 4,000 மணி நேரம் அதை ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். குட்டி வீடியோக்களுக்கு அளவு வேறு. நீளமான வீடியோவில் விளம்பரப் பணம் 100 ரூபாய் வந்தால் 55 ரூபாய் படம் போட்டவருக்கு. கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் கையில் கிடைக்கும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்கள் வயல்காட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்தே 2021ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டினார்கள். அது லாட்டரி போன்ற அதிர்ஷ்டம் என்று சொல்வது சரியல்ல. ஒரு குடும்பமே சேர்ந்து உழைத்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வேலையை ராஜினாமா செய்வது லாட்டரிச் சீட்டு வாங்குவது போலத்தான்.

கமிஷன் எவ்வளவு?

வெளிநாட்டு வேலை பிடித்துத் தரும் சந்தைகள் இணையத்தில் இருக்கின்றன. அப்வொர்க், பைவர், பிரீலான்சர் என்பவை பெரியவை. வேலை கொடுப்பவரும் செய்பவரும் அங்கே சந்திக்கிறார்கள். சந்தைக்காரர் கமிஷன் எடுத்துக்கொள்கிறார். பைவரில் செய்பவர் கூலியில் 20 சதவீதம் போய்விடும். அப்வொர்க்கில் 2023 மே முதல் 10 சதவீதமாக இருந்ததை, 2025ல் வேலைக்கு ஏற்ப 15 சதவீதம் வரை என்று மாற்றினார்கள். கமிஷன் போனாலும் ஒரு நன்மை: வேலை கொடுப்பவர் பணத்தை முன்னதாகச் சந்தையில் கட்டி வைத்துவிடுவதால், ஏமாற்றம் குறைவு.

இப்போது ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் மாதம் ரூ. 50,000க்கு வேலை செய்கிறார். கமிஷன் 10 சதவீதம் என்றால் ரூ. 5,000. டாலரை ரூபாயாக மாற்றுவதில் ஆயிரம் போகட்டும். மீதி ரூ. 44,000. ஆனால் பன்னிரண்டு மாதமும் வேலை இராது. ஒன்பது மாதம் என்று வைப்போம். ஆண்டுக்கு ரூ. 3,96,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ரூ. 33,000தான். சுற்றுலா ஊரில் அறைக்கு 12,000, சாப்பாட்டுக்கு 8,000, பயணத்துக்கு 4,000, இரண்டு இன்டர்நெட் இணைப்புக்கு 1,500, மருத்துவக் காப்பீட்டுக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கும் 2,500. ஆக 28,000. ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது ரூ. 5,000.

பெங்களூரில் ரூ. 30,000 சம்பளத்தில் நான்கு பேரோடு அறையில் தங்கியிருக்கும் குமாஸ்தா அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 16,000ல் முடித்துவிடுவார். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் பி.எப். பிடித்தம் 1,800. கையில் 12,200 நிற்கும். முதலாளியும் தன் பங்குக்கு இன்னொரு 1,800 போடுகிறார். ஐம்பதாயிரம் பெரிதா, முப்பதாயிரம் பெரிதா? இந்தக் கணக்கைப் பையனும் தகப்பனாரும் சேர்ந்து உட்கார்ந்து சொந்த எண்களை வைத்துப் போட வேண்டும்.

இதே கணக்கை இன்னொரு விதமாகவும் போடலாம். அதே 33,000 சம்பாதிப்பவர், வாடகை குறைவான ஊரில் ஆறு மாதம் ஒரே இடத்தில் தங்கினால் நிலைமை மாறுகிறது. பணத்தைத் தின்பது வேலையல்ல, ஊர் மாறுவதுதான். ஒவ்வொரு தடவை ஊர் மாறும்போதும் ரயில் கட்டணம், முன்பணம், புதுப் பாத்திரம் பண்டம் என்று செலவு; அதோடு இரண்டு மூன்று நாள் வேலை கெடும். வாரத்துக்கு ஓர் ஊர் என்று சுற்றுபவன் சுற்றுலாக்காரன். அவனுக்குச் சம்பாதிக்க நேரம் ஏது?

மலையில் மழை பெய்தால்

2023 ஜூலையில் இமாசலத்தில் பேய்மழை பெய்து பியாஸ் நதி பெருக்கெடுத்தபோது, குலு–மணாலி சாலை பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. மின்சாரமும் டெலிபோனும் துண்டிக்கப்பட்டன. சுற்றுலா போனவர்களுக்கு அது உயிர் பிழைத்த கதை. அந்த வாரம் வேலையை முடித்து அனுப்ப வேண்டியிருந்தவர்களுக்கு வாடிக்கை போன கதை. லண்டனில் இருக்கும் வாடிக்கைக்காரருக்குப் பியாஸ் நதியைப் பற்றி என்ன தெரியும்?

இன்னும் சின்னச் சின்ன சங்கதிகள் உண்டு. வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இது தெரியாமல் ஸ்ரீநகர் விமான நிலையத்தில் இறங்கிச் செல்போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் மாநிலங்களுக்குள் போக நம் நாட்டுக்காரர்களுக்கே அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் நாள் கணக்கும் உண்டு.

வெளிநாடு போக நினைப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் உட்கார்ந்து வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. மலேசியா 2022ல் இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி அனுமதித் திட்டம் கொண்டுவந்தது. அதற்குக் கம்ப்யூட்டர் துறைக்காரர்களிடம் ஆண்டுக்கு 24,000 டாலர் வருமானம் காட்டச் சொன்னார்கள். மேலே போட்ட கணக்கில் உள்ளவர் அந்தப் பக்கமே தலைவைக்க முடியாது.

விலாசம் எங்கே?

ஊர் ஊராகப் போகிறவனுக்கும் ஒரு விலாசம் வேண்டும். வெளியூரில் வேலை செய்து வாழும் நம்மவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ரேஷன் கார்டு ஓர் ஊரில், வேலை ஓர் ஊரில், ஓட்டு இன்னோர் ஊரில் என்று அலைந்தவர்கள்தானே! பாங்கிக் கணக்கு, பான் கார்டு, வருமான வரி நோட்டீஸ், ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் ஏதோ ஒரு வாசற்படியைத் தேடித்தான் வரும். அந்த வாசற்படியில் தபாலை வாங்கிப் பிரித்துப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ராபர்ட்ஸுக்குக் கொலம்பஸில் ஆள் இருந்தது போல, நம் பையனுக்குச் செம்பூரில் அம்மாவோ அக்காவோ இருப்பார்கள். வேலையை விடாதே என்று தடுக்கும் வீடேதான் அவன் போன பிறகு அவனுக்கு ஆபீஸாக இருக்கப் போகிறது. இதைப் பையன் உணர்ந்து பேசினால் சண்டை பாதி குறையும்.

வரி விஷயத்தில் பயப்படத் தேவையில்லை. ஆனால் சும்மா இருக்கவும் கூடாது. வக்கீல், டாக்டர், என்ஜினீயர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், கம்ப்யூட்டர் துறைக்காரர் போன்ற குறிப்பிட்ட சில தொழில்களுக்கு 2016 நிதிச் சட்டத்தில் ஒரு சலுகை வந்தது. ஆண்டு வரவு ரூ. 50 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். பெரிய கணக்குப் புத்தகம் வேண்டாம். தன் தொழில் அந்தப் பட்டியலில் வருகிறதா என்பதை ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பொதுவாக ஆண்டு வரவு ரூ. 20 லட்சம் தாண்டாதவரை சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் இல்லை. வடகிழக்கில் சில மாநிலங்களில் அது 10 லட்சம். நம் நாட்டுக் கம்பெனிகள் கூலி கொடுக்கும்போது வரியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும். ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பி வரும். போடாமல் விட்டுப் பணத்தை இழப்பவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பணம் வரும்போது பாங்கியில் அதற்கான அத்தாட்சியை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

பாக்கி வசூலிப்பது எப்படி?

இந்தப் பிழைப்பில் வேலை செய்வதைவிடக் கஷ்டம் கூலி வாங்குவது. "அடுத்த வாரம்" என்பார்கள். அந்த அடுத்த வாரம் தீபாவளி வரை போகும். அனுபவப்பட்டவர்கள் பாதிப் பணத்தை முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். எத்தனை தடவை திருத்தித் தருவது என்பதையும் எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

சட்டத்திலும் ஒரு துணை உண்டு. பலருக்கு அது தெரியாது. 2020 ஜூலையில் தொடங்கிய உதயம் பதிவில் தனி ஆளாகச் சேவை செய்பவரும் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. சிறு தொழில்களுக்கான 2006ம் ஆண்டுச் சட்டப்படி, அப்படிப் பதிந்தவருக்கு வேலை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. மாநில அளவில் இதை விசாரிக்கத் தனி மன்றமே இருக்கிறது. மனுவை இணையத்திலேயே போடலாம். மன்றத்துக்குப் போனால் வாடிக்கை போய்விடுமே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் பணம் கொடுக்காத வாடிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பில்லின் அடியில் உதயம் எண்ணை அச்சடித்து, 45 நாள் விதியை ஒரு வரி எழுதி அனுப்பினாலே ஒழுங்காகப் பணம் கொடுப்பவர்களும் உண்டு.

முன்பணம் கேட்டால் ஓடுங்கள்

'வீட்டிலிருந்தே மாதம் ரூ. 40,000! டைப் அடித்தால் போதும்!' என்று செல்போனில் செய்தி வந்தால் அதை அழித்துவிடுவது நல்லது. இந்த மோசடியில் இரண்டு வகை. ஒரு வகையில், வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதலில் நூறு, இருநூறு கொடுப்பார்கள். பிறகு பெரிய வேலைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்பார்கள். கட்டக் கட்டக் கேட்பார்கள். இன்னொரு வகை இதைவிடக் கொடுமை. டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு, தப்பு இருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பிப் பணம் பறிப்பார்கள். கோர்ட், போலீஸ் என்றதும் வெளியூரில் தனியாக இருப்பவர்கள் பயந்து கட்டிவிடுகிறார்கள். அந்த நோட்டீஸுக்குப் பயப்பட வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கணக்கு மாறி மாறிப் போய்விடும்.

ஒரே கடையை நம்பியவர்கள்

2020 ஜூன் 29ம் தேதி இரவு 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அவற்றில் டிக்டாக்கும் ஒன்று. அதை நம்பியே விளம்பரப் பணம் பார்த்துக்கொண்டிருந்த சின்ன ஊர்க்காரர்கள் எத்தனையோ பேருக்கு மறுநாள் காலையில் கடையே இல்லை. தவறு அவர்களுடையதல்ல. தடைக்கு வேறு காரணங்கள். ஆனால் அடுப்பு அணைந்தது அவர்கள் வீட்டில்தான்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு அடி. சாதாரண மொழிபெயர்ப்பு, பொருள் விவரம் எழுதுவது, சின்னக் கட்டுரை தயாரிப்பது போன்ற வேலைகளுக்குக் கூலி கொடுக்கப் பலர் தயங்குகிறார்கள். இயந்திரம் எழுதியதைத் திருத்திக் கொடு, பாதிக் கூலி தருகிறேன் என்கிறார்கள். பிழை இருந்தால் தலை போகிற வேலைகளுக்குத்தான் இன்னும் மரியாதை இருக்கிறது. மருந்துச் சீட்டு, கோர்ட் பத்திரம், வரிக் கணக்கு ஆகியவற்றில் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க மனிதர்தான் வேண்டும். புதிதாக இறங்குகிறவர்கள் எந்தத் தொழிலைக் கற்பது என்று யோசிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

பி.எப்., ஈ.எஸ்.ஐ., போனஸ், கிராஜுவிட்டி எதுவும் இல்லாத பிழைப்பு என்பதால், அவற்றைத் தானே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பொது சேமநலநிதியில் ஆண்டுக்கு ரூ. 1.5 லட்சம் வரை போடலாம். தேசிய ஓய்வூதியத் திட்டத்திலும் சேரலாம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே காப்பீடு எடுக்காமல் மலைக்குக் கிளம்புவதற்குச் சாக்கு இல்லை. இருபத்தைந்து வயதில் இதெல்லாம் தேவையா என்று தோன்றும். மணாலியில் கால் வழுக்கி எலும்பு முறிந்தால் கம்பெனி ஈ.எஸ்.ஐ. கார்டு அங்கே இராது.

பத்து நாள் ஒத்திகை

இப்படி எல்லாவற்றையும் கேட்ட பிறகும் பையன் போகத்தான் வேண்டும் என்றால்? போகட்டும். வேலையை விடுவதற்கு முன், மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வெளிவேலை பிடித்துச் செய்து பார்க்கட்டும். இருக்கிற கம்பெனி நியமன உத்தரவில் வெளிவேலை கூடாது என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்ப வேலை கொடுக்கும் வாடிக்கைக்காரர் மூன்று பேராவது சேரட்டும். ஆறு மாதச் செலவுக்கும், ஊருக்கு அனுப்பும் ஆறு மாதப் பணத்துக்கும் பாங்கியில் தனியாகப் போட்டு வைக்கட்டும். ஊருக்கு அனுப்பும் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

ஒத்திகை பார்க்க கோவாவுக்குப் போக வேண்டியதில்லை. சொந்த ஊரே போதும். பத்து நாள் லீவு போட்டு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்கோ, சேலத்துக்குப் பக்கத்திலோ போய் உட்காரட்டும். சிக்னல் மொட்டை மாடியில் மட்டும் கிடைக்கிறதா, மத்தியானம் மின்சாரம் எத்தனை தடவை போகிறது, வந்து போகும் சொந்தக்காரர்களுக்கு நடுவே ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை ஓடுகிறது என்பதெல்லாம் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். பத்தாம் நாள் கையில் எவ்வளவு கூலி சேர்ந்தது என்று பார்த்தால், மலைக்குப் போவதா வேண்டாமா என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

பொங்கலுக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. காலை 8 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்.